பயிற்சி நேர்காணலுக்கு ஆள் தேடித் தரும் சேவை: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பல்கலைக்கழகச் சேர்க்கை நேர்காணலுக்கு முன் ஒத்திகை பார்க்க விரும்பும் மாணவர்கள், தங்களைக் கேள்வி கேட்பவரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்யும் ஓர் இணையச் சேவையை என் மகளுக்காகக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினேன். காணொளியின் தரத்திலும் நேரம் ஒதுக்கும் முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சரியான ஆளிடம் கொண்டு சேர்ப்பதுதான் இத்தகைய சேவையின் முதல் வேலை. அதில்தான் இது சறுக்குகிறது.

படித்த பல்கலைக்கழகம், நட்சத்திர மதிப்பீடு, கட்டணம் ஆகியவற்றைக் கொண்டு பட்டியலைச் சுருக்கலாம். ஒருவர் எந்த வகை நேர்காணலை நடத்தக்கூடியவர் என்பதைக் கொண்டு தேட மட்டும் வழியில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களே கேள்வி கேட்கிறார்கள். பழக்கமில்லாத ஒரு கணக்கையோ பத்தியையோ முன்னால் வைத்து, மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று கவனிப்பதால் அது ஏறக்குறைய ஒரு வகுப்பாகவே நடக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இளநிலைச் சேர்க்கைக்கு தன்னார்வலரான முன்னாள் மாணவர் ஒருவர் உரையாடுகிறார். ஹார்வர்ட் வணிகப் பள்ளியிலோ, சேர்க்கைக் குழுவைச் சேர்ந்தவர் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டு வந்து, 30 நிமிடங்களுக்கு அதிலிருந்தே துருவித் துருவிக் கேட்கிறார். நம்மைப் பற்றி எதுவும் படிக்காமல் வருபவரிடம் நம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். படித்துவிட்டு வந்தவரிடம் அதையே ஒப்பித்தால் நேரம்தான் வீண். இவை அனைத்துக்கும் ஒரே ஆள் ஒத்திகை தர முடியும் என்று எண்ணுவது, நீச்சல் பழக ஓட்டப் பயிற்சியாளரிடம் போவதைப் போன்றது.

என் மகள் இயற்பியலுக்கு, ஆசிரியர்களே நேர்காணல் செய்யும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். பட்டியலின் உச்சியில் இருந்தவர் அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். மிகவும் இனிமையாகப் பேசினார். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், உன் பலவீனம் எது என்றெல்லாம் கேட்டு, "தன்னம்பிக்கை மிக்கவர், தெளிவாகப் பேசுகிறார்" என்று எழுதி அனுப்பினார். அவருக்கு அத்தனை நட்சத்திரங்கள் கிடைத்தது வியப்பில்லை. அமர்வு முடிந்த கையோடு இடப்படும் மதிப்பீடு, பேசியவரின் கனிவைத்தான் அளக்கும்.

அடுத்தவர் பட்டியலில் வெகு கீழே இருந்தார். முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பதாக இரண்டே வரிகளில் தன்னை அறிமுகப்படுத்தியிருந்தார். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வரும் வரைபடத்தை வரையச் சொன்னார். சுழியத்தில் அது வரையறுக்கப்படாதது என்று சொல்லிவிட்டு மகள் நின்றாள். "சரி, 0.1 ரேடியன் போட்டுப் பாருங்கள்" என்றார். விடை 0.998 என்று வந்ததும், அவள் இன்னும் சிறிய எண்ணைத் தானாகவே போட்டுப் பார்த்து, மதிப்பு ஒன்றை நெருங்குவதைக் கண்டுகொண்டாள். அவர் அனுப்பிய அறிக்கையில், அவள் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசித்தாள், எந்தக் குறிப்பைக் காதில் வாங்காமல் கடந்தாள் என்பதெல்லாம் நிமிடக் கணக்கோடு இருந்தன. கொடுத்த பணத்துக்கு உரியது இதுதான்.

ஆகவே பதிவு செய்யுமுன் செய்தி அனுப்பும் வசதியைப் பயன்படுத்தி, எந்தப் பாடத்தில் கேள்வி கேட்பார், விண்ணப்பத்தை முன்கூட்டியே படிப்பாரா, எழுத்து அறிக்கையின் மாதிரி ஒன்றைக் காட்டுவாரா என்று கேட்டுவிடுவது நல்லது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை, பட்டம் உண்மையானது என்பதை மட்டுமே சொல்கிறது. நேர்காணல் நடத்திய அனுபவத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. இப்போதும் அதே பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவில் இருப்பதாகச் சொல்லி ஆள் பிடிப்பவரை அறவே தவிர்க்கலாம். அது உண்மையானால் நலன் முரண், பொய்யானால் ஏமாற்று.

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இச்சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய பல்நிலைக் குறுநேர்காணலில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாணவர் அடுத்த நிலையத்துக்கு நகர்ந்து வேறொருவரைச் சந்திக்கிறார். ஒருவருடைய விருப்புவெறுப்பு முடிவைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதே அந்த முறையின் நோக்கம். இங்கே அதற்கென விற்கப்படும் தொகுப்பிலோ, எல்லா நிலையங்களிலும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார்.