அப்பா காரும் ஒரு வாட்டர் வாஷும்

டிசம்பரில் மூன்று வாரம் தூத்துக்குடியில் இருந்தேன். கல்யாணம், கோயில், மக்ரூன் பார்சல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள். அப்பாவின் கறுப்புக் காரை வாட்டர் வாஷுக்கு விட்ட ஒரு மணி நேரம்தான் இன்னும் மனசில் நிற்கிறது.

ஊரில் வண்டி மேல் என்னவெல்லாம் படியும் என்று உங்களுக்கே தெரியும். உப்பளக் காற்று, மண்தூசி, அதற்கு மேல் காக்கா எச்சம். பைபாஸ் பக்கம் ஒரு கடையில் விட்டேன். நுரை அடித்துக் கழுவிய வரைக்கும் குறையே இல்லை. துடைக்கும்போது பையன் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. சற்று முன் வீல் துடைத்ததும் அதே துணிதான். எடுத்தான், ஒரு உதறு உதறினான், நேரே பானெட்டில் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

"தம்பி, நிறுத்துப்பா!" என்று ஓடினேன்.

"துணி ஈரமாத்தான சார் இருக்கு, ஒண்ணும் ஆகாது."

கடைக்கார அண்ணாச்சியும் எழுந்து வந்தார். "கோடு விழுந்தா பாலீஷ் போட்டுத் தாரேன் சார், கவலப்படாதீங்க."

மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கில் கீறல். வயிறு எரிந்தது.

"பளபளன்னுதானே இருக்கு?" என்றார் அப்பா. அவர் பழக்கம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனும் ஒரு வாளித் தண்ணீருமாக எங்கள் அம்பாசிடரைத் துடைப்பார். பாலீஷ் போட்டால் துணியில் வண்டிக் கலரே ஏறும். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயின்ட் வேறு. இப்போது நிறத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு கிளியர் கோட், சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. பாலீஷ் போட்டால் கீறல் நிரம்பாது, சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத்தான் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்கும். வருஷா வருஷம் தேய்த்தால் மிச்சம் என்ன இருக்கும்?

நான் இருக்கும் டொரொன்டோவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அழுக்கை ஊறவைத்து, பிரஷர் தண்ணீரில் அடித்த பிறகுதான் துணியைத் தொடுவோம். உப்பு விளைகிற ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானுமே இறங்கினோம். வெயில் ஏறுமுன், நிழலில். முதலில் ஹோஸ் பிடித்து மேலிருந்து கீழே மணலை இறக்கினோம். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். அந்த இரண்டாவது வாளியின் அடியில் தங்கிய மணலை அப்பா விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடுத்தோம். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றினோம். கடைசியாக வேக்ஸ்.

நான் கிளம்பும் அன்று கொடியில் இரண்டு நீலத் துணி காய்ந்துகொண்டிருந்தது. தள்ளி, ஆணியில் தனியாக ஒரு மஞ்சள் துணி. அதன் மூலையில் 'வீல்' என்று மார்க்கரில் அப்பாவின் கையெழுத்து.