டிஃபெண்டர் கிளட்ச் சிலிண்டர்: கிட் போதுமா, புதிதாகவே மாற்றுவதா?

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ரிவர்ஸ் போடும்போது பல் கரகரவென்று உரசினால் பலரும் கிளட்ச் பிளேட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். கியர்பாக்ஸை இறக்கும் முன் ஹைட்ராலிக்கை, அதாவது பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பைப் பாருங்கள். பெடலுக்கு மேலே ஆயில் வழிந்தால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) பக்கவாட்டில், டஸ்ட் கவரைச் சுற்றி ஈரம் என்றால், அந்த ஆயிலை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். எங்குமே ஈரமில்லை, ஆனால் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறதா? பெரும்பாலும் மாஸ்டருக்குள் இருக்கும் சீல்தான் அழுத்தம் தாங்காமல் ஆயிலைப் பின்னால் விடுகிறது.

அப்புறம்தான் ரிப்பேர் கிட்டா, புது சிலிண்டரா என்ற கேள்வி. கிட்டில் ரப்பர் சீல்களும் டஸ்ட் கவரும் மாதிரி சில்லறைச் சாமான்கள்தான் வரும். விலை மிகக் குறைவு. ஆனால் புது சீல் உரசப்போவது அதே பழைய சுவரில். பிஸ்டனை எடுத்துவிட்டு உள்சுவரைத் துடைத்து, டார்ச் அடித்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் கிட் வேண்டாம். வெறும் கறை என்றால் கிட் போதும்.

ஸ்லேவில் ஒரு நுணுக்கம் உண்டு. கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிஸ்டன் ஓய்வெடுக்கும் இடம் சிலிண்டருக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது. வெளிவாய்ப் பக்கம் சீல் படாமலே கிடந்து, ஈரத்தில் துருப்பிடிக்கிறது. புது கிளட்ச் போட்டதும் பிஸ்டன் மறுபடி வெளியே தள்ளி வேலை செய்யும். சீல் நேராக அந்தத் துருவின் மேல் ஓடும். கிளட்ச் மாற்றிய கொஞ்ச நாளில் ஸ்லேவ் ஒழுக ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே புது கிளட்ச் போட்டால் புது ஸ்லேவும் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கிளட்ச் பழையதே, சுவரும் சுத்தம் என்றால் கிட் நியாயமான தேர்வு. இரண்டே போல்ட், தவறினாலும் மறுபடி கழற்றுவது சுலபம். கழற்றும்போது, பிஸ்டன் தள்ளும் கம்பியான புஷ் ராடை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அதை கிளட்ச் ஃபோர்க்கில் (கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோல்) பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்தால், சுலபமான வேலை கியர்பாக்ஸ் இறக்கும் வேலையாகிவிடும்.

மாஸ்டருக்கு என் கணக்கு வேறு. அதைக் கழற்ற பெடல் பாக்ஸையே வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உள்ளே ரப்பரை மட்டும் மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. கிட்டில் மிச்சமாகும் பணம் இரண்டாம் முறைக் கூலியில் போய்விடும். முழு சிலிண்டராக வாங்குங்கள், அதிலும் தரமானதாக. மாட்டும்போது பெடலின் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே துளி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் திரும்ப வழியில்லாமல் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது.

லேத்தில் கொடுத்துச் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புது உட்குழாய்) போடுவது, பாகமே கிடைக்காத வண்டிகளுக்கான வழி. டிஃபெண்டருக்குத் தேவையில்லை.

2007-இல் வந்த பூமா மாடலில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள், கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கிறது. கியர்பாக்ஸ் இறங்கினால் அதையும் மாற்றிவிடுங்கள்.

எதைப் போட்டாலும் டாட் 4 பிரேக் ஆயில்தான். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் ரப்பர் ஊதிவிடும். டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம்தான் சுவரை அரிக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏர் எடுத்தும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் தொளதொளவென்றே இருந்தால், ஸ்லேவைக் கழற்றி பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளி, காற்று வெளியேறும் நிப்பிள் மேலே பார்க்கப் பிடித்து மறுபடி ஏர் எடுங்கள். பிஸ்டன் வெளியே துள்ளாதபடி கட்டி வைக்காமல் பெடலை மிதிக்கக்கூடாது.