48 பாட்டில் நெயில் பாலிஷ் பெட்டி: ஒரு பக்கம் மட்டும் நிரப்புங்கள்

கைப்பிடி வைத்து, இரண்டு பக்கமும் திறக்கிற பிளாஸ்டிக் பெட்டி இது. பக்கத்துக்கு 24 என்று மொத்தம் 48 அறை. உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும், நடுத்தட்டுகளைக் கழற்றி மாட்டலாம், அகலமான பாட்டில் இருந்தால் ஒரு தட்டை உருவிவிட்டால் போதும். இதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. கோளாறு அமைப்பில்தான்.

கைப்பிடி மேலே வரும்படி நிறுத்தினால் 48 பாட்டிலும் படுத்துவிடும். பெட்டியைப் படுக்கவைத்தால் மேல்பக்கத்து 24 மட்டும் நிமிர்ந்து நிற்கும், கீழ்ப்பக்கத்து 24 தலைகீழாகிவிடும். பாலிஷ் கழுத்துக்கு வந்து மரையில் காய்ந்தால், மூடி ஒட்டிக்கொள்ளும் அல்லது முழுசாக இறுகாது. அந்த இடுக்கு வழியே பாலிஷை இளக்கமாக வைத்திருக்கும் கரைப்பான்களான எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் ஆவியாகிப் போக, மிச்சம் பாகு மாதிரி கெட்டியாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் 24 பாட்டிலை நிறுத்துங்கள். மறுபக்கத்தில் நகம் தேய்க்கும் ஃபைல், பஞ்சு, நகக்கண் தோலை ஒதுக்கும் ஆரஞ்சுக் குச்சி. பெட்டியைப் படுக்கவைத்தே பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஷீட் கூரைக்கு அடியில் பரண்மேல் வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். ஜெல் பாலிஷ் இருந்தால் இந்தப் பெட்டியே ஆகாது. வெளிச்சம் பட்டால் இறுகும் சரக்கு அது, இருட்டான டப்பாவில் போடுங்கள். 24 பாட்டிலுக்கு மேல் இல்லாதவர்களுக்குத் தாராளமாக வாங்கச் சொல்வேன். 40, 50 சேர்த்தவர்களுக்குப் படிப்படியான ஸ்டாண்டுதான் சரி.

அடுக்குவதற்கு முன் கழித்துக்கட்டும் வேலை இருக்கிறது. நிறம் பார்த்துப் பிரிப்பதைவிட நிலைமை பார்த்துப் பிரிப்பது முக்கியம். மூடியைத் திறந்து பிரஷைத் தூக்கிப் பாருங்கள். சொட்டு தானாக வழிந்து விழுந்தால் நல்ல பாலிஷ். நூல் மாதிரி இழுத்தால் கெட்டியாகிவிட்டது, நெயில் பாலிஷ் தின்னர் 2, 3 சொட்டு விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். ரிமூவரை மட்டும் உள்ளே ஊற்றிவிடாதீர்கள், பிறகு நகத்தில் படலம் சரியாகப் பிடிக்காது. நிறம் தனியே, தெளிந்த திரவம் தனியே நின்றால் பயமில்லை, உருட்டினால் சேரும். கட்டி கட்டியாக இருந்தால் குப்பைக்குத்தான். மிச்சமானவற்றின் மூடிமேல் வெள்ளை ஸ்டிக்கரில் அதே பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, திறந்த மாதத்தையும் எழுதிவிடுங்கள். லேபிளில் திறந்த டப்பா படத்துக்குள் 24M என்றிருந்தால், திறந்ததிலிருந்து 24 மாதம்.

பாட்டிலை மூடும்முன் ரிமூவர் தொட்ட பஞ்சால் கழுத்தை ஒரு சுற்றுத் துடைத்தால் மூடி ஒட்டவே ஒட்டாது. ஒட்டிவிட்டதா, வெந்நீரில் மூடிப்பக்கத்தை ஒரு நிமிடம் பிடித்துத் திருகுங்கள். ரிமூவரோ தின்னரோ கையில் இருக்கும்போது அடுப்பும் வேண்டாம், சாமி விளக்கும் வேண்டாம். இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கும்.

வீட்டில் மெனிக்யூர் என்றதும் வெந்நீரில் கையை ஊறவைப்பதுதான் பலருக்கும் முதல் வேலை. பாலிஷ் போடுவதாக இருந்தால் அது கூடாது. நகம் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்ததும் சுருங்கும், மேலே போட்ட பாலிஷ் ஓரத்தில் பெயரும். உலர்ந்த நகத்தை ஒரே திசையில் ஃபைல் செய்து, நகக்கண் தோலை வெட்டாமல் குச்சியால் மெல்ல ஒதுக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போக ரிமூவரால் துடைத்து, நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பேஸ் கோட் போடுங்கள். சிவப்பு, மெரூன் போட்டால் இது கட்டாயம். இல்லாவிட்டால் நகம் மஞ்சளாகும்.

பிறகு நிறம்: நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொன்று. மெல்லிசாக இரண்டு கோட், இடையே 3 நிமிடம். ஒவ்வொரு கோட்டிலும் நக நுனியின் விளிம்பையும் பிரஷால் தொட்டுவிடுங்கள். பாத்திரம் தேய்க்கிற கையில் பாலிஷ் முதலில் பெயர்வது அங்கேதான். தடிமனாகப் பூசிவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பாலிஷின் மேல்படலம் மட்டும் காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழாகக் கிளம்பும். கடைசியில் நிறத்தின் மேல் பூசும் டாப் கோட். தொட்டால் ஒட்டாத நிலை வந்தாலும் உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும், ஆகவே ராத்திரிப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு உட்காருங்கள்.

மருதாணிச் சிவப்பு ரிமூவருக்குப் போகாது, நகம் வளர்ந்துதான் போகும். அதன்மேல் வெளிர் நிறம் எடுபடாது. ஆபரேஷனுக்கென்று வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர்கள் கை நக பாலிஷை வீட்டிலேயே அழித்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது, அடர் நிறம் அதைத் தடுக்கும்.