தொலேதோ போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே பர்ஸைத் திறக்க வேண்டாம்

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குப் போகிற நம்மவர்கள் பலரும் ஒரு நாளை பக்கத்தில் உள்ள பழைய ஊரான தொலேதோவுக்கு ஒதுக்குகிறார்கள். தூரம் சுமார் 70 கிலோமீட்டர், மாட்ரிட்டின் அத்தோச்சா ஸ்டேஷனிலிருந்து அவான்ட் என்ற அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம் முழுவதும் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு. ரயில் ஸ்டேஷனோ ஆற்றுக்கு இந்தக் கரையில், கீழே. ஸ்டேஷனுக்கும் மேலே உள்ள சொகொதோவேர் சதுக்கத்துக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர்தான். வருகிறவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான்.

நடப்பது இதுதான். ரயிலை விட்டு இறங்கிய கூட்டம் வெளியே வரும் வழியிலேயே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் கை காட்டி நிற்பார். “பழைய நகரத்துக்கு பஸ் இந்தப் பக்கம்” என்பார். ஸ்டேஷன் ஊழியர் என்று நினைத்து எல்லோரும் அவர் பின்னால் போவார்கள். அங்கே நிற்பது டவுன் பஸ் அல்ல, தனியார் சுற்றுலா பஸ். டிக்கெட் பத்து யூரோவுக்கு மேல். ஆடியோ, வழிகாட்டி நடை என்று ஏதேதோ சேர்த்து அதற்கு மேலும் ஏற்றுவார்கள். “டவுன் பஸ் எப்போது வரும்?” என்று கேட்டால், ரொம்ப நேரம் ஆகும், நடந்தால் செங்குத்தான ஏற்றம் என்று பதில் வரும். நான்கு பேர் குடும்பம் என்றால் மேலே போய்ச் சேருவதற்குள் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு போய்விடும். சட்டப்படி இது மோசடி ஆகாது, டிக்கெட்டில் எழுதியதைத்தான் தருகிறார்கள். கேட்டது ஒன்று, விற்றது வேறொன்று என்பதுதான் குறை.

அந்த இரட்டை மாடி பஸ்ஸால் பழைய நகரத்தின் உள்தெருக்களில் நுழையவும் முடியாது. வெளிச்சாலையைச் சுற்றி, ஆற்றுக்கு அப்பால் உள்ள வாயே காட்சிமுனையில் படம் எடுக்க நிறுத்துவார்கள். முழு நகரமும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அது. அதற்காகத்தான் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறினால் கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஊருக்குள் போவதற்கு மட்டும் என்றால் அந்த பஸ் தேவையே இல்லை.

டவுன் பஸ் ஸ்டேஷனுக்கு வெளியே சாலையிலேயே நிற்கும். முகப்புப் பலகையில் சொகொதோவேர் என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஓட்டுநரிடம் அந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும். கட்டணம் இரண்டு யூரோவுக்குள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், 50 யூரோ நோட்டை நீட்டினால் ஏற்ற மாட்டார்கள். மூன்று நான்கு பேராகப் போனால் டாக்ஸியே கட்டுப்படியாகும். ஏறியதும் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், மொத்தமாக ஒரு தொகை சொன்னால் இறங்கிவிடுங்கள்.

நடப்பதும் சொல்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. பத்து நிமிடத்தில் அல்காந்தாரா பாலம், அதைத் தாண்டிப் படியேறினால் சதுக்கம். முட்டி வலி உள்ளவர்கள் பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள சாஃபோன்ட் எஸ்கலேட்டருக்குப் போகலாம். அது மேலே சதுக்கத்துக்கு அருகே உள்ள மிராதேரோ வரை ஏற்றிவிடும், காசு கிடையாது. குன்றின் மறுபக்கம் பிசாக்ரா வாயில் அருகே ரெகாரேதோவிலும் இப்படி ஒன்று 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இரவு முழுக்க இவை ஓடாது, பழுதுபார்க்க நிறுத்துவதும் உண்டு. காரில் வருகிறவர்கள் கீழே வண்டியை விட்டுவிட்டு இதில் ஏறுவதே உத்தமம். மேலே உள்ள தெருக்களில் இரண்டு பக்கக் கண்ணாடியும் சுவரில் உரசும்.

அடுத்த ஏமாற்றம் டிக்கெட்டில். ஏழு இடங்களுக்குச் சேர்த்து ஒரு கைப்பட்டை விற்கிறார்கள். ஓவியர் எல் கிரேகோவின் பெரிய ஓவியம் உள்ள சான்தோ தோமே தேவாலயம், பழைய யூதத் தொழுகைக்கூடமான சான்தா மரியா லா பிளான்கா, சான் ஹுவான் தே லோஸ் ரெயெஸ் மடாலயம் எல்லாம் அதில் அடங்கும். கதீட்ரல் அடங்காது. பலர் பட்டையைக் கட்டிக்கொண்டு கதீட்ரல் வாசலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். அதற்குத் தனி டிக்கெட், வாசலுக்கு எதிரே உள்ள கடையில் வாங்க வேண்டும். எல் திரான்சிதோ யூதத் தொழுகைக்கூடமும் எல் கிரேகோ அருங்காட்சியகமும் அரசு நடத்துபவை, அவையும் பட்டையில் சேராது. ஆனால் அங்கே நுழைவு மலிவு. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேலும் ஞாயிறும் இலவசம், திங்கள் விடுமுறை. நான்கு இடமாவது பார்ப்பதாக இருந்தால்தான் பட்டை லாபம். கழற்றினாலோ அறுந்தாலோ செல்லாது.

மாட்ரிட்டிலிருந்து ‘அரை நாள் தொலேதோ’ என்று விற்கும் பஸ் சுற்றுலாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போக வர இரண்டரை மணி நேரம் போகும். மீதியில் முக்கால் மணி நேரம் ஊருக்கு வெளியே உள்ள வாள், நகைத் ‘தொழிற்கூடத்தில்’. ஒருவர் சுத்தியலால் தட்டிக் காட்டுவார், பிறகு எல்லோரையும் கடைக்குள் விடுவார்கள். கமிஷன் கணக்கு அங்கே. டிக்கெட் வாங்குவதற்கு முன் சுற்றுலா நிரலில் “பனோராமிக்” என்ற சொல்லைத் தேடுங்கள். கதீட்ரலை வெளியிலிருந்து பார்ப்பது என்று பொருள்.

தமாஸ்கினாதோ என்ற கறுப்பு எஃகில் தங்கக் கம்பி பதித்த வேலைதான் இந்த ஊரின் அடையாளம். கையால் செய்ததில் கோடுகள் துளி ஏறி இறங்கி இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்ததில் பத்துத் தோடும் ஒரே வார்ப்பு. விலை வித்தியாசம் மிக அதிகம். “கையால் செய்தது” என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், உண்மையான கைவினைஞர் தயங்க மாட்டார். மார்ஸிபான் என்ற பாதாம் இனிப்பு வாங்கினால் தொலேதோவின் புவிசார் குறியீட்டு முத்திரையைப் பாருங்கள். அந்த முத்திரைக்குப் பாதியாவது பாதாம் இருக்க வேண்டும்.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் போடுவார்கள். சில இடங்களில் கடைக்காரரே ரூபாயைத் தட்டிவிடுவார், ரசீது வரும் முன்பே திரையைப் பாருங்கள். உணவகத்தில் கேட்காமல் வரும் ரொட்டிக்கும் வெளி மேசைக்கும் தனிக் கட்டணம் பில்லில் ஏறக்கூடும், விலைப் பட்டியலின் அடிவரியைப் படியுங்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டுச் சட்டம்.

தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டாம். “ஓஹா தே ரெக்லமாசியோன்” என்று கேளுங்கள். அது அதிகாரப்பூர்வப் புகார்ப் படிவம். கடை, உணவகம் எதுவானாலும் வைத்திருந்து கேட்டவுடன் தர வேண்டும். பெயரைச் சொன்னதுமே பல இடங்களில் பில் தானாகத் திருந்திவிடும். இல்லை என்று மறுத்தால் உள்ளூர் போலீஸை அழைக்கலாம். படிவத்தில் உங்களுக்குரிய நகலை வாங்கி, ரசீதை அதோடு பின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.