ஏப்ராம்ஸா, டி-90ஆ?

ஆனையிறவில் நிற்கும் 1991 சண்டையின் கவச புல்டோசரைப் பார்த்துவந்த பெடியள் கேட்டார்கள்: அமெரிக்காவின் ஏப்ராம்ஸ், ரஷ்யாவின் டி-90, இரண்டில் எந்த டாங்கி திறம்?

எடை: ஏப்ராம்ஸ் 60 தொன்னுக்கு மேல், டி-90 சுமார் 46. மாரியில் எங்கள் வயலில் உழவு இயந்திரமே புதையும், பிறகென்ன!

எரிபொருள்: ஏப்ராம்ஸின் வாயுச்சுழலி எஞ்சின் சும்மா நின்றாலும் குடிக்கும், டி-90 டீசல், சிக்கனம்.

ஆட்கள்: ஏப்ராம்ஸில் நாலு, டி-90இல் மூன்று.

உயிர்: இங்கேதான் விஷயம். டி-90இல் குண்டுகள் ஆட்களின் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். அவை வெடித்தால் பீரங்கியோடு மேலே சுழலும் கோபுரமே பறக்கும். ஏப்ராம்ஸில் பெரும்பாலானவை பின்னறையில், கதவுக்கு அப்பால். வெடித்தாலும் மேல்தகடு கழன்று நெருப்பு வெளியே போகும்.

ட்ரோன்: இரண்டுக்கும் மேற்பக்கம் மெல்லிசு. உக்ரைனில் இரண்டும் எரிந்தன.

எரிபொருள் பவுசர்கள் பின்தொடரும் பணக்காரப் படைக்கு ஏப்ராம்ஸ் சரி. சேற்றுநிலம், சின்னப் பாலங்கள் என்றால் டி-90தான்.