மாஸ்டர் சிலிண்டர்: கிட் போதுமா, புதுசே மாட்டுவதா?

பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. சக்கரங்களில் கசிவு இல்லை, குழாய்களிலும் இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னுக்கு நழுவுகிறது. சேலத்துக்குள், அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால் தள்ளிப்போடத் தோன்றும். போடாதீர்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டி என்றால் பேச்சே இல்லை.

வழி மூன்று: ரப்பர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களை மட்டும் மாற்றுவது), புது அசெம்ப்ளி (முழு சிலிண்டரும் புதுசு), பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பழைய சிலிண்டர். கடைசியை இப்போதே தள்ளிவிடலாம். ஆயில் வற்றிக் கிடந்த சிலிண்டரில் ஈரம் புகுந்திருக்கும். அதற்கும் கிட் போட்டுத்தான் ஆக வேண்டும். அதை உங்களுடையதற்கே போடலாமே.

கிட் மலிவு, அதனால்தான் எல்லோரும் முதலில் அதைக் கேட்கிறார்கள். ஆனால் முடிவு சொல்வது கிட் இல்லை, சிலிண்டரின் உள்சுவர். பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் கழற்றி (வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு), புது பிரேக் ஆயிலில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். வெறும் கறை என்றால் கிட் போடலாம். கண்ணுக்குக் குழி தெரிந்தாலோ கீறல் இருந்தாலோ கிட் வீண். எமரித் தாள் போட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். அலுமினிய உடலில் அப்படித் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், புது கப்பும் சீக்கிரம் தேயும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது (குழாயில் புகுந்த காற்றைப் பெடல் மிதித்து வெளியேற்றும்போது) பெடலைத் தரைவரை மிதித்தால் புது கப் அங்கே உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தீர்ந்தது.

புது அசெம்ப்ளியில் இந்தத் தலைவலி இல்லை. வேறு தலைவலி இருக்கிறது. உள்விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். பெரிதானால் பெடல் கல்லாகும், சிறிதானால் ஆழமாக இறங்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய், குழாய் வாய்களின் எண்ணிக்கையையும் மரையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும்போது பூஸ்டரின் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். கம்பி எப்போதும் பிஸ்டனை அழுத்திக்கொண்டிருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடாகும்.

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. 800-க்குப் புது அசெம்ப்ளி இன்னும் தேடிப் பிடிக்கலாம், அதனால் என் ஓட்டு புதுசுக்கே. மிகப் பழைய அம்பாசடரில் உடல் வார்ப்பிரும்பு, சுவர் வழுவழுவென்று இருந்தால் நல்ல கிட்டே போதும். அடையாளம் தெரியாத பெட்டியில் வரும் புதுசைவிட அது மேல்.

எதை மாட்டினாலும் வைஸில் பிடித்து ஆயில் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியே தள்ளுங்கள். குழாய் நட்டுக்குச் சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், குழாய் நட்டுக்கென்றே வரும் ஸ்பேனர்தான் வேண்டும். சிந்திய ஆயில் பெயிண்டைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில், டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள்; மலைக்கு டாட் 4. டாட் 3-க்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4-க்கு 230-ம் 155-ம். கைப்புத்தகத்தில் வேறு சொல்லியிருந்தால் அதுவே சட்டம்.

முதல் ஓட்டம் ஏற்காடு அடிவாரம் வரை மட்டும். பெடல் உயரம் மாறாமல், முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் மறுநாள் மேலே ஏறலாம்.