ஒரே பெட்டியில் விண்டோஸ் 10-ம் 7-ம்: ஐந்து வருட அனுபவம்

டிடிபி கடை வைத்திருப்பவர்களுக்கு என் நிலைமை புரியும். பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பாட்டுப் புத்தகம் என்று பழைய ஃபைல்கள் ஒரு மலை. அவற்றுக்கான தமிழ் ஃபாண்ட் மென்பொருள் ஒரு டாங்கிள், அதாவது பூட்டுச் சாவி மாதிரி செருகும் சிறு கருவி, இருந்தால்தான் திறக்கும். அந்த டாங்கிளைச் செருக வேண்டியது பழைய பிரிண்டர் போர்ட்டில். அதை இயக்கும் டிரைவரோ 32 பிட் விண்டோஸுக்கானது மட்டும். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றவே ஏற்றாது. விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸை ஓட்டும் மெய்நிகர் வழியையும் பார்த்தேன், என்னிடம் அது டாங்கிளைக் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே 2020-இல், விண்டோஸ் 7-க்கான ஆதரவு ஜனவரி 14-ஆம் தேதி முடிந்த சில வாரங்களில், அதன் 32 பிட் பதிப்பை 10-க்குப் பக்கத்திலேயே புதிதாக நிறுவ உட்கார்ந்தேன். எல்லோரும் காலி செய்யும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி.

கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 10 ஏற்கெனவே இருந்தது. நல்லவேளை, டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் போட்டிருந்தது. 32 பிட் விண்டோஸ் 7 யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் பூட் ஆகாது, அதற்கான ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்காக இருந்திருந்தால் மொத்தத்தையும் அழித்துத்தான் தொடங்கியிருக்க வேண்டும். 10-க்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மெண்டில் 50 ஜிபியைச் சுருக்கி எடுத்தேன். கீபோர்டையும் மவுஸையும் கறுப்பு யூஎஸ்பி துளைக்கு மாற்றினேன். 7-இன் நிறுவல் டிவிடியில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது, நீலத் துளையில் இருந்தால் திரை வரும், மவுஸ் நகராது.

நிறுவல் அரை மணியில் முடிந்தது. அப்புறம்தான் கூத்து. மெனுவில் 10-ஐத் தேர்ந்தெடுத்தால் 0xc0000428, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை. காரணம் எளிது: பழைய 7-ஐப் பிறகு நிறுவியதால், எந்த விண்டோஸ் என்று கேட்டுத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜரும் பழையதாகிவிட்டது. பழைய பூட் மேனேஜருக்குப் புதிய விண்டோஸின் கையொப்பம் புரியாது. 10-இன் நிறுவல் பென் டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, பிசிடிபூட் கட்டளையை 10 இருக்கும் விண்டோஸ் ஃபோல்டருக்குக் கொடுத்ததும் சரியானது. அந்தக் கறுப்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், டிர் (ஃபோல்டர் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டு 10 எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டளையைக் கொடுங்கள்.

அடுத்து 10-இன் நீல மெனு. அழகாக இருக்கிறது, ஆனால் அது பாதி 10-ஐ ஏற்றிய பிறகுதான் கேள்வி கேட்கிறது. 7 என்றால் மறுபடி ரீஸ்டார்ட். பூட் அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் பூட்மெனுபாலிசியை லெகசி ஆக்கியதும் பழைய கறுப்பு மெனு வந்தது. காத்திருக்கும் 30 விநாடியை 8 ஆக்கினேன்.

முதல் ஆறு மாதத்தில் ஒரு பத்திரிகை ஃபைல் காணாமல் போனது. முதல் நாள் இரவு 7-இல் சேமித்தது, காலையில் 10-இல் இல்லை. தவறு என்னுடையதுதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் 10, ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையாது. டிஸ்க்கைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை நினைவில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. இடையில் 7 வந்து அதே டிரைவில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஹைபர்னேட்டை நம்பித்தான் இயங்குகிறது, அதனால் 10-இல் ஹைபர்னேட்டை முழுக்க அணைத்தேன், அதற்குப் பிறகு ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை. இதை முதல் நாளே செய்யுங்கள்.

பூட் சமாச்சாரத்தைவிட என்னை அதிகம் படுத்தியது எழுத்து. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட், இன்று ஃபோனிலும் நெட்டிலும் எல்லோரும் பயன்படுத்தும் பொது எழுத்துமுறை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. 10-இல் அதைப் பழைய ஃபாண்டின் எழுத்துமுறைக்கு மாற்றி, நோட்பேடில் சேமித்து, இரண்டுக்கும் பொதுவான டிரைவில் 'பாலம்' என்ற ஃபோல்டரில் வைத்து, ரீஸ்டார்ட் செய்து 7-இல் எடுப்போம். ஒருநாள் கடைப் பையன் கூப்பிட்டான்: "அண்ணே, பேரெல்லாம் ஏதோ பூச்சி மாதிரி வருது." மாற்றி மாற்றி ஃபாண்டைப் பார்த்தோம். குற்றவாளி நோட்பேட். 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்து அது தானாகவே யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் சேமிக்கிறது. சேவ் ஆஸில் ஆன்சி (பழைய எழுத்துக் குறியீடு) என்று மாற்றினால் பழையபடி வரும். மணமகளின் பெயரே பூச்சியானால் அச்சுக்கூலி போகட்டும், மரியாதை என்ன ஆவது?

7-இல் நெட் கிடையாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை டிசேபிள் செய்துவிட்டேன். வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவானாலும் 10-இல்தான் திறப்போம். 32 பிட் ஆனதால் 8 ஜிபியில் மூன்று சொச்சம்தான் அதற்குக் கிடைக்கிறது, பேஜ்மேக்கருக்கு அது தாராளம்.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மாறிக்கொண்டிருந்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை. புது வேலை எல்லாம் யூனிகோடில் 10-இலேயே நடக்கிறது. பழைய மலரை மறுபதிப்புப் போட யாராவது வந்தால் மட்டும் கறுப்பு மெனுவில் கீழம்பு.

இதற்குள் 2025 அக்டோபர் 14-இல் 10-க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், என்னுடையது நான்கு. நெட் வேலைக்குப் புதுப் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போவதில்லை. பிரிண்டர் போர்ட் உள்ள போர்டு வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.